வாசகர் கேள்வி – பதில்: ‘நாம்’ என்கிறாரே, அதில் யார் யார்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, விளம்பரங்களும் அரசியல் மேடைகளும் நம் மனசை எந்தெந்த வழியில் மடக்குகின்றன என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நம் பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து எழுதியிருக்கிறீர்கள், அதிலும் பாதிப் பேர் ஆசிரியர்கள். நானும் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள்தான். அதனால் இந்த மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் ஏழு பிரச்சார உத்திகளையும் போர்டில் எழுதிப்போட்டு நடத்தினேன். டெஸ்ட் வைத்தால் ஏழையும் வரிசையாக எழுதுகிறார்கள். ஆனால் அதே பிள்ளைகள் மறுநாள் ஒரு நடிகர் சொன்னார் என்பதற்காக ஒரு கிரீமை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?
– ஓர் ஆசிரியை, காட்பாடி

போர்டில்தான் தப்பு, டீச்சர். பெயரை முதலில் கொடுத்துவிட்டீர்கள். பெயரைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள், அவர்களை நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

நீங்கள் எழுதிப்போட்ட அந்த ஏழும் 1937இல் நியூயார்க்கில் கிளைட் மில்லர் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் தொடங்கிய பிரச்சார ஆய்வு நிறுவனம் வகுத்தவை. ஹிட்லரும் முசோலினியும் வானொலியில் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. மில்லர் கல்வித் துறைக்காரர், அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஏழு என்று எளிமையாக வகுத்துக் கொடுத்தார்கள். நல்ல பட்டியல்தான், இன்றைக்கும் உலகம் முழுக்க அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்து, ‘பெயர் சூட்டல், பளபளக்கும் பொதுமைகள், இடமாற்றம்’ என்று போட்டால் அது நம் பிள்ளைகளின் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்து சேராது.

நான் என்ன செய்வேன் என்றால், முதல் வாரம் ஒன்றுமே நடத்த மாட்டேன், வீட்டில் இருந்து பொருளைக் கொண்டுவரச் சொல்வேன். ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் கவர், லாங் பஜாரில் கொடுத்த பிட் நோட்டீஸ், ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்த பேப்பர், அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் கட்சி காலண்டர், எதுவாக இருந்தாலும் சரி. மேஜை நிறைந்துவிடும். ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இதைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றியது, எதனால் அப்படித் தோன்றியது’ என்று மட்டும் கேட்பேன். ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் அவர்களே ஒரு குவியலாக ஒதுக்குவார்கள், அந்தக் குவியலுக்கு அவர்களே ஒரு பெயர் வைப்பார்கள். என் பிள்ளைகள் வைத்த பெயர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். எதிரியை ஒரே வார்த்தையில் கேவலப்படுத்துவது ‘பட்டம் கட்டுறது’. வளர்ச்சி, மாற்றம், பாரம்பரியம், இயற்கை என்று அர்த்தம் பிடிபடாத நல்ல வார்த்தைகளைத் தூவுவது ‘ஜிகினா’. நடிகரையோ டாக்டர் கோட்டு போட்ட ஆளையோ சாட்சிக்குக் கூப்பிடுவது ‘ஆள் காட்டுறது’. வேட்பாளர் டீக்கடையில் டீ ஆற்றுவதும் தோசை ஊற்றுவதும் ‘உங்க வீட்டுப் பிள்ளை’. ஊரே வந்துவிட்டது நீ மட்டும்தான் பாக்கி என்பது ‘எல்லாரும் வந்தாச்சு’. சாதகமானதை மட்டும் குவித்து மற்றதை மறைப்பதற்கு நான் காத்திருந்த பெயரையே ஒரு பையன் சொன்னான், ‘சோத்துல பூசணிக்காய்’. இதற்கு மேல் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம்.

ஏழாவது ‘ஒட்டவைக்கிறது’. நமக்கு மரியாதை உள்ள ஒன்றைத் தன் மேல் ஒட்டிக்கொள்வது, கோயில் கோபுரம், தேசியக் கொடி, அம்மாவின் முகம் மாதிரி. இதை வேலூரில் நடத்துவது சுலபம். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி ஆற்காடு ரோடு முழுக்க மெடிக்கல் ஷாப்பும் லேபும் லாட்ஜும் இருக்கிற ஊர் நம்முடையது. பிள்ளைகளை நடந்துபோய் சிவப்புச் சிலுவை போட்ட போர்டுகளை எண்ணிவரச் சொன்னேன். வந்தபிறகு, அந்தச் சின்னம் செஞ்சிலுவை அமைப்புக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரியது, 1960ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி நம் நாட்டில் வேறு யாரும் அனுமதியில்லாமல் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். போர்க்களத்தில் குண்டு போடாதே என்று சொல்வதற்கான அடையாளம் அது. அதன் மேல் உள்ள நம்பிக்கையைக் கடை தனக்கு ஒட்டிக்கொள்கிறது. கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை, மருந்துக்கடை என்றால் அதைப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் ஒட்டவைப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம் சின்ன வார்த்தைகள். இதற்குத் தனியாக ஒரு பீரியட் ஒதுக்குங்கள். ‘50% வரை தள்ளுபடி’ என்பதில் ஐம்பதைப் பெரிதாகவும் ‘வரை’யைப் பொடியாகவும் போட்டிருப்பார்கள். ‘ரூ.199 முதல்’ என்பதில் அந்த ‘முதல்’. முடி உதிர்வதைக் ‘குறைக்க உதவும்’ என்றால் குறைக்கும் என்று அர்த்தமில்லை. செய்தியில் ‘கூறப்படுகிறது’ என்றால் கூறியது யார்? தமிழில் செய்தவரைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை அழகாக முடித்துவிட முடியும், அது நம் மொழியின் வசதி, அதே வசதியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சிவப்புப் பேனாவைக் கொடுத்து இந்த வார்த்தைகளை வட்டம் போடச் சொல்லுங்கள்.

பெரிய எழுத்திலும் வட்டம் போட இடம் உண்டு. பாலில் கலந்து குடிக்கும் பவுடர் வகையறாக்களைக் காலம் காலமாக ‘ஹெல்த் டிரிங்க்’ என்று சொல்லித்தான் நமக்கு விற்றார்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, ஆன்லைன் கடைகள் போர்ன்விட்டா போன்ற பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைக்க வேண்டாம் என்று சொன்னது. அதுவரை எத்தனை தாய்மார்கள் அந்த இரண்டு வார்த்தையை நம்பி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நானும் வாங்கிக் கொடுத்தவள்தான். டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும் கட்டத்தைப் படிக்கவைத்தாலே அந்த வகுப்பு முடிந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை ஏன் மறுநாள் கிரீம் வாங்கினாள்? அவளுக்குப் பிடித்த நடிகர் அவர். பிடிக்காத ஆளின் விளம்பரத்தில் உத்தியைக் கண்டுபிடிப்பது யாருக்கும் வரும், அதற்குப் பாடமே தேவையில்லை. தனக்குப் பிடித்ததில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், சொல்லித்தர வேண்டியதும் அது ஒன்றுதான். அதனால் இரண்டாம் வாரம், ‘உனக்கு ரொம்பப் பிடித்த விளம்பரத்தைக் கொண்டுவா, அது உன்னை எப்படிப் பிடித்தது என்று நீயே எழுது’ என்று சொல்லிப் பாருங்கள். கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். கிரீமை வாங்காமல் இருக்க வேண்டும் என்பது நம் நோக்கமும் இல்லை. ஏன் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

கேள்வி: விளம்பரத்துக்கும் பிரச்சாரத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

விளம்பரம் உங்கள் பணத்தைக் கேட்கிறது, பிரச்சாரம் உங்கள் ஓட்டையோ நம்பிக்கையையோ கேட்கிறது. கேட்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். பிரச்சாரம் என்றாலே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். 1622இல் போப்பாண்டவர் கத்தோலிக்க மதத்தைப் பரப்ப ஒரு சபை அமைத்தபோது வைத்த லத்தீன் பெயரில் இருந்துதான் ‘புரோபகண்டா’ என்ற சொல்லே வந்தது, பரப்புதல் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு கெட்ட பெயர்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் நீட் கோச்சிங் சென்டர் பேனர்கள். எல்லா சென்டரும் ‘நாங்கள்தான் நம்பர் ஒன்’ என்கிறார்கள். ஒரே அக்காவின் போட்டோ இரண்டு வேறு சென்டர் பேனரில் இருக்கிறது. யாரை நம்புவது?
– ஒரு மாணவி, ஆம்பூர்

கண்ணு, போட்டோ இரண்டு இடத்தில் இருப்பதைக் கவனித்தாயே, அதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

உங்கள் ஊர் பிரியாணிக்கு வெளியூரில் போடும் போர்டைப் பார்த்திருப்பாய். ஐந்து கடை இருந்தால் ஐந்தும் ‘ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி’. ஒரிஜினல் என்ற வார்த்தையை அளந்து பார்க்க ஒரு கோல் கிடையாது, அதனால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நம்பர் ஒன் என்பதும் அதே ஜாதி வார்த்தைதான். எதில் நம்பர் ஒன், எந்த வருடம், எத்தனை பேரில், எண்ணியது யார் என்று நாலு கேள்வி கேட்டால் அது நிற்காது. பிரியாணி சரியில்லை என்றால் ஒரு நேரச் சாப்பாடு போச்சு, அவ்வளவுதான். கோச்சிங் அப்படியில்லை. உன் அப்பா தோல் ஷாப்பில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணமாக இருக்கலாம், இரண்டு வருடம் உன்னுடையது.

அந்த அக்கா இரண்டு சென்டரிலும் படித்திருக்கலாம், ஒன்றில் இரண்டு வருடம், இன்னொன்றில் வெறும் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருக்கலாம். அதைச் சொல்லாமல் போட்டோவை மட்டும் போடுவதுதான் என் பிள்ளைகள் சொன்ன சோத்துல பூசணிக்காய். இது பெரிய அளவிலேயே நடந்து பிடிபட்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐஏஎஸ் கோச்சிங் விளம்பரங்களை ஆராய்ந்தபோது, சில நிறுவனங்கள் தங்கள் மாணவர்கள் என்று படம் போட்டவர்களில் பலர் கடைசிக் கட்ட நேர்முகத் தேர்வுக்கான இலவசப் பயிற்சிக்கு மட்டும் வந்துபோனவர்கள் என்று தெரிந்தது. முதல் இரண்டு கட்டத்தையும் அவர்கள் தாங்களாகவே ஜெயித்துவிட்டு வந்தவர்கள். இதற்காக அபராதம் போட்டார்கள், 2024 நவம்பர் 13 அன்று கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே தனி விதிமுறையும் கொண்டுவந்தார்கள். அதன்படி தேர்ச்சி பெற்றவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் படம் போடக் கூடாது, எந்த கோர்ஸ், எத்தனை நாள், பணம் கட்டியதா இலவசமா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ஆகவே நேரே போய், ‘இந்த அக்கா இங்கே எந்த கோர்ஸ் படித்தார், மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்தது’ என்று கேள். கூச்சப்படாதே, அப்பாவையோ டீச்சரையோ கூட்டிக்கொண்டு போ. மொத்தம் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மழுப்பினால் வெளியே வந்துவிடு. ஏமாற்று விளம்பரம் என்று தோன்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: விளம்பரத்தை நடத்தலாம், அரசியலைத் தொடாதே என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் ஒவ்வொரு கட்சி. ஒரு பெற்றோர் வந்து சண்டை போட்டால் என் வேலைக்கே ஆபத்து. ஆனால் ஓட்டுப் போடும் வயதுக்கு இரண்டு வருடம் முன்னால் இதைச் சொல்லாமல் எப்போது சொல்வது?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், ஆற்காடு

உங்கள் தலைமை ஆசிரியர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, சார். அரசு ஊழியர் நடத்தை விதிகள் நம் தலைக்கு மேல் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். வகுப்பில் நம் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயத்தில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் நம் கட்சியைத் திணித்தால் அதைவிடப் பெரிய பிரச்சாரம் வேறென்ன இருக்கிறது?

இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஒரு தேர்தல் நேரம், பள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு கட்சிப் போஸ்டரைக் காட்டி, அதில் என்னென்ன உத்தி இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். கையில் கிடைத்தது அந்த ஒரு போஸ்டர்தான். வகுப்பே சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னது. அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அவள் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய அப்பா ராத்திரி முழுக்கப் பசை வாளியோடு அலைந்து ஒட்டிய போஸ்டர் அது. அவளுக்கு அன்றைக்கு நான் எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை, அவமானத்தைத்தான் கொடுத்தேன். மற்ற பிள்ளைகளும் அடுத்த கட்சிக்காரனைப் பார்த்துச் சிரிக்கத்தான் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு விதி வைத்துக்கொண்டேன். எல்லாக் கட்சியும் வரும், இல்லையென்றால் எதுவும் வராது. நடப்புத் தேர்தல் வராது, பழைய தேர்தல்தான் வரும்.

பழையதில் சரக்குக்குக் குறைவே இல்லை. 1967இல் அரிசிக்குத் தி.மு.க. வைத்த ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கத்தை எடுங்கள். லட்சியம் என்பதும் நிச்சயம் என்பதும் ஒரே ஓசையோடு வந்து விழுந்தாலும், ஒன்று ஆசை, இன்னொன்று வாக்குறுதி. காதில் நிற்பது மூன்று, பிடித்துக் கேட்க முடிவது ஒன்று. ஜெயித்தபிறகு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லி, சொன்னது நடந்ததா இல்லையா என்று பிள்ளைகளை விவாதிக்க விடுங்கள். அதே தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால், ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் போஸ்டராக ஊர் ஊராகப் போனது. அந்தப் படத்தில் பொய் இல்லை, ஆனால் அதைப் பார்த்த மனசு விலைவாசியையும் அரிசியையும் பற்றி யோசித்துக்கொண்டு நிற்குமா? 1971இல் இந்திரா காந்தியின் ‘வறுமையை ஒழிப்போம்’, 2004இல் பா.ஜ.க. கூட்டணி ஆட்சியின் ‘இந்தியா ஒளிர்கிறது’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது ஜெயித்தது, இரண்டாவது தோற்றது. ஜிகினா இரண்டிலும் இருந்தும் ஒன்று ஏன் எடுபடவில்லை என்று கேட்டால், வீட்டில் தாத்தா பாட்டியிடம் போய் விசாரித்துவிட்டு வருவார்கள். அது நீங்கள் நடத்துவதைவிட நல்ல வகுப்பு.

‘எல்லாரும் வந்தாச்சு’ உத்திக்கு மட்டும் நம் தொகுதிக் கணக்கு ஒன்றைச் சொல்லலாம். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் பணம் பிடிபட்டதால் ரத்தாகி, ஆகஸ்ட் 5இல் தனியாக நடந்தது. வித்தியாசம் வெறும் 8,141 ஓட்டு. ‘எங்கள் ஆள்தான் ஜெயிப்பார், உங்கள் ஓட்டை வீணாக்காதீர்கள்’ என்று எந்தப் பக்கம் சொல்லியிருந்தாலும் அதற்கு அர்த்தமே இல்லாத தேர்தல். பணம் பிடிபட்ட கதைக்குள் வகுப்பில் போகாதீர்கள், அதில் சம்பந்தப்பட்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று இருக்கிறது, அதற்குக் கட்சிப் பெயரே தேவையில்லை. ஏதாவது ஒரு மேடைப் பேச்சை எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், கட்சி, தலைவர் பெயரை எல்லாம் அடித்துவிடுங்கள். ‘நாம்’ வரும் இடத்தில் ஒரு கலர், ‘நாங்கள்’ வரும் இடத்தில் ஒரு கலர், ‘அவர்கள்’ வரும் இடத்தில் ஒரு கலர். இங்கிலீஷ்காரர்களுக்கு முதல் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான், நம் மொழியில்தான் கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று தனித்தனியாக இருக்கிறது. கலர் அடித்து முடித்தால் கண்ணுக்கே தெரியும், சாதனை வரும்போது ‘நாங்கள் செய்தோம்’, தியாகம் வரும்போது ‘நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்’, ஆபத்து வரும்போது ‘நம் பெண்கள், நம் மண்’. அந்த ‘நம்’முக்குள் யாரைச் சேர்த்திருக்கிறார், யாரை வெளியே நிறுத்தியிருக்கிறார், ‘அவர்கள்’ என்றால் பெயர் சொல்லாமல் யாரைக் காட்டுகிறார் என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, ‘டீச்சர், இந்த நாமுக்குள்ள நான் இல்ல’ என்று சொன்னான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

தலைமை ஆசிரியரிடம் காட்ட ஒரு சட்டப் பாடமும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு. எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றி அசிங்கமாக எழுதிய துண்டுச் சீட்டு ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் விழும்போது, முதலில் அடிவரியைப் பார் என்று பிள்ளைக்குப் பழக்கினால் போதும். அடிவரி காலியாக இருந்தால், சொன்னதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை.

கேள்வி: என் மகள் பள்ளியில் இந்தப் பாடம் படித்ததிலிருந்து எதையும் நம்புவதில்லை. தடுப்பூசி போஸ்டரைப் பார்த்தாலும் ‘எல்லாம் பிரச்சாரம்மா’ என்கிறாள். இது நல்லதா?
– ஒரு தாய், குடியாத்தம்

நல்லதில்லை அம்மா. உங்கள் பயம் புதிதும் இல்லை. மேலே சொன்ன நியூயார்க் நிறுவனத்தின் மீதும் இதே குறையைத்தான் சொன்னார்கள், பிள்ளைகள் எதையுமே நம்பாதவர்களாகப் போய்விடுவார்கள் என்று. அமெரிக்கா போருக்குள் இறங்கிய கையோடு, 1942இல் அதை நிறுத்தியும் விட்டார்கள்.

உங்கள் மகளுக்குப் பாதிப் பாடம்தான் கிடைத்திருக்கிறது. உத்தி இருக்கிறது என்பதால் விஷயம் பொய்யாகிவிடாது. போலியோ சொட்டு மருந்து நினைவிருக்கிறதா? நடிகர்கள் டிவியில் கும்பிட்டுக் கூப்பிட்டார்கள், ‘இரண்டு சொட்டு’ என்று குழந்தைக்கும் தெரிந்த முழக்கம், பஸ் ஸ்டாண்டில் பூத்து, மஞ்சள் பேனர். ஆள் காட்டுவது, எல்லாரும் வந்தாச்சு, அம்மாவின் முகத்தை ஒட்டவைப்பது, எல்லாமே அதில் இருந்தது. ஆனால் விஷயம் உண்மை. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் இயல்பாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி, 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ ஒழிந்தது என்று சான்றிதழே கொடுத்துவிட்டது. இதை அவளிடம் சொல்லி, ‘உத்தியைக் கண்டுபிடித்துவிட்டாய், சரி, இப்போது விஷயம் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்’ என்று கேளுங்கள். வேறு யாரெல்லாம் இதைச் சொல்கிறார்கள், சொல்வதால் அவர்களுக்கு என்ன லாபம், தப்பாக இருந்தால் யார் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள் என்று தேட வேண்டும். எல்லாம் பொய் என்று உட்கார்ந்துவிடுவது சோம்பேறித்தனம்தான், பெயர் மட்டும் புத்திசாலித்தனம். கோபப்பட்டுச் சொல்லாதீர்கள், அவள் யோசிக்க ஆரம்பித்த பிள்ளை, இன்னும் ஓரடி கூடப் போய் வரட்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வேதவாக்கு. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள், பெரியவர்களுக்கு யார் எடுப்பது?
– ஒரு வாசகி, ஆரணி

பிள்ளைகள்தான் எடுக்க வேண்டும், அதுவும் மரியாதையாக.

2018 மே மாதத்தை ஆரணிப் பக்கத்துக்காரர் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடநாட்டில் இருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று போன் போனாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையில் இருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான் அவர்கள் செய்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் வயதான ஓர் அம்மா செத்தேபோனார். அடித்தவர்கள் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் இல்லை, நம் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள்.

அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவைப் பற்றி உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பார்த்தாலே பதறும். அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றி விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு, ஒரு அட்டையை விரித்துச் செய்தி சொல்வார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். ஒன்றையும் புதிதாகச் சேர்க்கவில்லை, வெட்டியது மட்டும்தான்.

இப்போது ஒரு செய்தி பலமுறை கைமாறி வந்திருந்தால் வாட்ஸ்அப்பே அதன் மேல் இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது, அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் அனுப்ப விடுவதும் இல்லை. அந்த அம்புக்குறியை மாமியாருக்குக் காட்டுங்கள். ‘அத்தை, இது பொய்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அவருக்கு அது பொய்யா மெய்யா என்பதைவிடத் தன் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறதா என்பதுதான் முக்கியமாகப் படும். ‘அத்தை, இதை முதல்ல யார் அனுப்பினாங்க, கேட்டுச் சொல்றீங்களா?’ என்று வேலையை அவரிடமே கொடுங்கள். நாலு பேரைக் கேட்டு, நாலு பேரும் ‘எனக்கும் வந்தது’ என்று சொன்னபிறகு அவரே நிறுத்திவிடுவார். என் அக்கா அப்படித்தான் நிறுத்தினாள்.

கேள்வி: ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைச் சொல்வார்களே, அதை இந்தப் பாடத்துக்குப் பயன்படுத்தலாமா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சத்துவாச்சாரி

ஐயா, அருமையான யோசனை, எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை.

ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் லிங்கம் மறுபடி பிரதிஷ்டை ஆகிவிட்டது, தினமும் பூஜை நடக்கிறது, பிரதோஷத்துக்குக் கோட்டைக்குள் கூட்டம் நிற்க இடமில்லை. ஆனால் வாக்கியம் மட்டும் இன்னும் சாமியைக் கோயிலுக்குள் விடவில்லை. காதுக்கு நன்றாக இருப்பது உண்மையைவிட நீண்ட நாள் வாழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த வரிசையின் கடைசியில் சில பேர் வேலூர்ப் பெண்களைப் பற்றி ஒரு வரியை ஒட்டிச் சொல்வார்கள், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. முதல் மூன்றும் ஏதோ ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததால், நான்காவதாக வரும் அவதூறும் உண்மை மாதிரியே தலையாட்டவைத்துவிடுகிறது. அரசியல் மேடையில் மூன்று சரியான புள்ளிவிவரத்துக்குப் பின்னால் ஒரு விஷத்தை வைப்பதும் இதே கணக்குதான். பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை அவர்களையே பேசவிடுங்கள், சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு உள்ளே வைத்திருப்பார்கள்.

ஆற்றுக்கு மட்டும் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள், அதற்கு முன்னால் அவர்கள் எப்போது தண்ணீர் பார்த்தார்கள், மணல் எப்படிப் போனது, ஊற்று தோண்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எழுதிவந்ததை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.